வீட்டுக் கணக்கை விற்கலாமா?

உழைக்காமல் வரும் வரவைப் பற்றி இன்று ஈப்போ நகரத்து இளைஞர்களிடையே அதிகமாகப் பேசப்படுகிறது. அவர்கள் சொல்வது சூதையோ வட்டியையோ அன்று. கடையில் சாமான் வாங்கிய ரசீதைக் கைப்பேசியால் படம் பிடித்து அனுப்பினால் புள்ளி சேருகிறது. புள்ளி பெருகினால் அது தள்ளுபடிச் சீட்டாகவோ பணமாகவோ மாறுகிறது. சில செயலிகளுக்கு ரசீதைக் காட்டும் சிரமங்கூட வேண்டியதில்லை. ஒரு முறை அனுமதி கொடுத்துவிட்டால் போதும். நாம் எந்தக் கடைக்குப் போனோம், என்ன வாங்கினோம், எவ்வளவு கொடுத்தோம் என்பனவற்றை அவை தாமே குறித்துக்கொள்கின்றன. நாம் உறங்கினாலும் வரவு வந்துகொண்டிருக்கும் என்று சொல்லுகிறார்கள்.

இது ஆகுமான வருமானந்தானா என்னும் கேள்வி நம்மவர்களிடையே எழுவது இயல்பே. யாரையும் ஏமாற்றவில்லை, யாருடைய பொருளையும் எடுக்கவில்லை, குப்பையில் எறியும் காகிதத்துக்குக் காசு தருகிறார்கள், வாங்கினால் என்ன என்பது ஒரு கட்சி. சும்மா வரும் காசில் பரக்கத் இராது என்பது மறு கட்சி. இரு கட்சியாரும் விஷயத்தின் மையத்தைத் தொடவில்லை என்பது நமது கருத்து. ஆகவே இதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

இந்த ஏற்பாடு திடீரென முளைத்ததன்று. நம் நாட்டில் 1998ஆம் ஆண்டில் போனஸ்லிங்க் அட்டை வந்தது. அதன்பின் பேரங்காடிகளும் தத்தம் உறுப்பினர் அட்டைகளை வெளியிட்டன. 2020 ஜனவரியில் அரசாங்கம் 'இ-துனாய் ரக்யாட்' திட்டத்தின் கீழ், 18 வயது நிரம்பி, ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரிங்கிட்டுக்குக் குறைந்தவர்களுக்கு மின்பணப்பை வழியாக 30 ரிங்கிட் வழங்கிற்று. அதைப் பெறுவதற்கென்றே கைப்பேசியில் பணப்பை திறந்தவர்கள் பலர். அதே ஆண்டில் வந்த பெருந்தொற்று, ரொக்கத்தைத் தொடாமல் வாங்கும் பழக்கத்தைப் பரப்பியது. இவ்வாறாக நமது கொள்முதல் கணக்கு காகிதத்திலிருந்து கைப்பேசிக்குக் குடிபெயர்ந்தது. அமெரிக்காவில் ஃபெட்ச், ஐபோட்டா ஆகிய நிறுவனங்கள் வாங்கியதற்குச் சான்று பெற்றுப் பரிசு தருவதையே தொழிலாகக் கொண்டு வளர்ந்தன. அவற்றுள் ஐபோட்டா 2024 ஏப்ரலில் நியூயார்க் பங்குச் சந்தையிலேயே இடம் பெற்றுவிட்டது.

கசக்கி எறியும் காகிதத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? கிந்தா பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று. இங்கே ஈயம் கழுவியபோது, ஈயத்தை எடுத்தபின் மிஞ்சிய கனத்த மணலை 'அமாங்' என்று ஒதுக்கினார்கள். அந்த அமாங்கில் இல்மனைட்டும் சிர்க்கானும் மோனசைட்டும் இருந்தன. அவற்றைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் பின்னாளில் நம் பேராக்கிலேயே எழுந்தன. ஒதுக்கியவர் கண்ணுக்கு மணலாகத் தோன்றியது, பிரிக்கத் தெரிந்தவருக்குச் சரக்காக இருந்தது. ரசீதும் அத்தகையதே.

இங்கிலாந்தில் டெஸ்கோ நிறுவனம் 1995இல் கிளப்கார்டு என்னும் அட்டையை நாடெங்கும் வெளியிட்டது. அதற்கு முன் சில கடைகளில் நடத்திய சோதனையின் முடிவுகளை டன்ஹம்பி என்னும் சிறு நிறுவனத்தார் எடுத்துரைத்தபோது, டெஸ்கோவின் தலைவர் மெக்லாரின் திகைத்துப் போனாராம். வாடிக்கையாளரைப் பற்றித் தாம் 30 ஆண்டுகளில் அறிந்ததைவிட அவர்கள் 3 மாதத்தில் அதிகம் அறிந்துகொண்டார்களே என்பது அவர் கூறியதன் சாரம். அதே டெஸ்கோ நம் நாட்டிலும் 2002 முதல் கடைகளை நடத்தியது. 2020இல் அவை தாய்லாந்தின் சி.பி. குழுமத்துக்குக் கைமாறி, 2021 முதல் லோட்டஸ் என்ற பெயரில் நடைபெறுகின்றன. கடைகள் இவ்வாறு கைமாறும் காலத்தில், ஒரு கடையை நம்பிக் கொடுத்த கணக்கு என்றைக்கும் அதே கையில் இருக்கும் என்று எண்ணுவதற்கில்லை.

ஒரு ரசீதுக்கு விலை கிடையாது. பத்து லட்சம் ரசீதுகளை ஓரிடத்தில் சேர்த்தால் அதற்குப் பெரிய விலை உண்டு. சிறியதைச் சேர்த்தால் பெரியதாகும் என்பது நம் தோட்டத்து மக்கள் அறியாத பாடமன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக விளங்கிய துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளிகளின் சிறு பங்குப் பணம் சேர்ந்து தோட்டங்களை வாங்கியது. அங்கே சேர்ந்த செல்வம் சேர்த்தவர்களுக்கே உரியதாயிற்று. இந்தச் செயலிகளிலோ, சேர்ந்தது முழுவதும் நிறுவனத்துக்கு உரியது. கொடுத்தவருக்குப் புள்ளி வருகிறது.

ஆயினும் விலை குறைவு என்பதனால் மட்டும் ஒரு வியாபாரம் பாவமாகிவிடாது. உழைப்பில்லாத வரவு என்பதனாலும் ஆகாது. வீட்டை வாடகைக்கு விடுகிறவரும், மரத்தைக் குத்தகைக்கு விடுகிறவரும் உட்கார்ந்த இடத்திலேயே வரவு பெறுகிறார்கள். அதை எவரும் குறை சொல்வதில்லை. ஏனெனில் வீடும் மரமும் அவர்களுக்குச் சொந்தம். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ரசீதிலுள்ள செய்தி, அதைப் படம் பிடித்து அனுப்புகிறவருக்கு மட்டும் சொந்தமா?

இதற்கு விடை காணப் பழைய தோட்டத்துக் கடையை எண்ணிப் பார்ப்போம். சுங்கை சிப்புட், கோப்பெங், தாப்பா, தெலுக் இந்தான் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் சம்பளம் மாதத்துக்கு ஒரு முறை வரும். அரிசியும் மீனும் அன்றாடம் வேண்டும். இடையில் நின்று குடும்பத்தைத் தாங்கியது கடன் புத்தகம். அந்தச் சிறிய 555 புத்தகத்தை நம் வாசகர்களில் மூத்தவர்கள் நன்கு அறிவார்கள். மலாய்க்காரர்கள் அதை 'புக்கு தீகா லீமா' என்பார்கள். கடைக்காரருக்கு அந்த லயத்தின் வாழ்க்கை முழுவதும் தெரியும். எந்த வீட்டில் புதிதாகப் பால்மாவு எழுதப்பட்டது, எந்த வீட்டில் மாதக் கடைசியில் கருவாட்டைத் தவிர வேறொன்றும் எழுதப்படவில்லை, எந்த வீட்டுக்கு ஊரிலிருந்து விருந்து வந்தது, எந்த வீட்டுக்காரர் சிகரெட்டைத் தனிக் கணக்கில் எழுதச் சொன்னார் என்பதெல்லாம் அவர் கைக்குள் இருந்தன.

அந்தக் கடைகளைப் புகழ்வது நமது நோக்கமன்று. விலையை ஏற்றி எழுதியவர்களும் இருந்தார்கள். சம்பளம் முழுவதும் பழைய கடனுக்கே போய், மறுநாளே புதிய கடன் தொடங்கிய குடும்பங்களும் இருந்தன. கடன் நின்றபடியால் வேறு கடையில் வாங்க முடியாமல் தவித்தவர்கள் உண்டு. இருப்பினும் அந்தப் புத்தகத்தில் சில நல்ல தன்மைகள் இருந்தன. அதில் எழுதியிருப்பதை வாங்கியவரும் திருப்பிப் பார்க்கலாம், தவறிருந்தால் அங்கேயே வழக்காடலாம். அது கடனுக்காக மட்டுமே எழுதப்பட்டது. கடன் தீர்ந்தால் குறுக்கே கோடு இழுப்பார்கள், கணக்கு முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வீட்டுக் கணக்கை மற்றொரு வீட்டாரிடம் சொல்லும் கடைக்காரரை ஊர் மதிக்காது. அப்படிச் சொன்னவர் பொய் சொன்னார் என்று யாரும் குற்றஞ்சாட்டவில்லை. தம்மிடம் நம்பி வைத்த அமானிதத்தை வெளியிட்டார் என்பதே அவர் மேல் வந்த குற்றம்.

வீட்டுக் கணக்கு ஒருவருடையதன்று என்பதை அந்தக் காலத்து மக்கள் சொல்லாமலே அறிந்திருந்தார்கள். இன்றைய ரசீதை எடுத்துப் பாருங்கள். மகன் கைப்பேசியில் பணம் கட்டுகிறான். அதில் இருப்பதோ அத்தாவின் இரத்த அழுத்த மாத்திரை, உம்மாவுக்குச் சீனி பார்க்கும் பட்டை, தங்கைக்கு வேண்டிய பொருள்கள், வந்திருக்கும் மாமிக்கு வாங்கிய பண்டம். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. ஆறு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே பெரும்பாலான குடும்பங்களின் ரசீதில் யாரோ ஒருவருடைய நோய் எழுதப்பட்டிருக்கிறது. புள்ளி பெறுகிறவர் மகன். வெளியே செல்லும் செய்தி உம்மாவுடையது. உம்மாவை யாரும் கேட்கவில்லை.

வெறும் பொருள் பட்டியலிலிருந்து என்ன தெரிந்துவிடும் என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவின் டார்கெட் பேரங்காடியில் புள்ளிவிவர நிபுணராயிருந்த ஆண்ட்ரூ போல் என்பவர், ஏறத்தாழ 25 பொருள்களின் கொள்முதலைச் சேர்த்துப் பார்த்து, ஒரு பெண் கர்ப்பமுற்றிருப்பதைக் கணிக்கும் முறையை வகுத்தார். இது 2012இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வழியாக உலகுக்குத் தெரிய வந்தது. தோட்டத்துக் கடைக்காரரும் இதை ஊகித்திருப்பார். ஆனால் அவர் அதைத் தம் மனைவியிடம் சொல்லி, பிள்ளை பிறந்ததும் ஒரு படி அரிசி அனுப்பியிருப்பார்.

பெயரை நீக்கிவிட்டுத்தான் பயன்படுத்துகிறோம் என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு. இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2015இல் சயன்ஸ் என்னும் விஞ்ஞான இதழில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 11 லட்சம் பேர் கடன் அட்டையால் மூன்று மாதம் வாங்கிய விவரங்களை, பெயர் நீக்கிய நிலையில் எடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் எந்த நாளில் எந்தக் கடையில் வாங்கினார் என்னும் செய்தி நான்கு மட்டும் கிடைத்தால், நூற்றுக்குத் தொண்ணூறு பேரை அந்தக் கூட்டத்திலிருந்து தனியே அடையாளம் காணலாம் என்று கண்டார்கள். நாம் வாங்கிய நான்கு கடைகளை நம் அண்டை வீட்டாரும் அறிவாரல்லவா?

செய்தி ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போவதையும் எண்ண வேண்டும். இதில் நம் சமூகத்துக்கு நேரிடையான ஓர் அனுபவம் இருக்கிறது. தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் முஸ்லிம் புரோ என்னும் செயலியை உலகெங்கும் கோடிக்கணக்கில் இறக்கிக்கொண்டார்கள். அதைப் பயன்படுத்துவோரின் இருப்பிடச் செய்தி எக்ஸ்-மோட் என்னும் அமெரிக்க நிறுவனத்துக்குப் போயிற்று என்றும், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளரில் அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்களும் இருந்தனர் என்றும் 2020 நவம்பரில் மதர்போர்ட் இதழ் வெளியிட்டது. இராணுவத்துக்குத் தாங்கள் விற்கவில்லை என்று செயலிக்காரர்கள் மறுத்தார்கள்; எக்ஸ்-மோட்டுடன் தொடர்பையும் துண்டித்தார்கள். அவர்கள் மறுத்ததை நாம் நம்பலாம். முதல் கை நல்ல கையாக இருந்தாலும், இரண்டாவது கைக்கும் மூன்றாவது கைக்கும் அது பொறுப்பேற்க முடியவில்லை என்பதுதான் இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது.

இன்னொரு சம்பவம் நமது கேள்விக்கு மிகவும் நெருங்கியது. பேஸ்புக் நிறுவனம் 13 முதல் 35 வயது வரையுள்ளவர்களுக்கு மாதம் 20 டாலர் வரை கொடுத்து, அவர்கள் கைப்பேசியில் நடப்பதையெல்லாம் பார்க்கும் ஒரு செயலியைப் போட்டுக்கொள்ளச் செய்தது. அமேசானில் வாங்கிய பொருள்களின் பட்டியலைப் படம் பிடித்து அனுப்பும்படியும் கேட்டது. 2019 ஜனவரியில் இது வெளியானதும் பெருங்கண்டனம் எழுந்தது. பணம் வாங்கிய சிறுவன் சம்மதித்தான் என்றே வைத்துக்கொள்வோம். அவனுக்குச் செய்தி எழுதிய தோழனும், அவன் கைப்பேசியில் வாங்கச் சொன்ன தாயும் எப்போது சம்மதித்தார்கள்?

சம்மதம் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் எழுதுவதைப் பற்றியது. எழுதுகிறவர் நேர்மையாக எழுத வேண்டும், வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்படுகிறவர், அவர் சொல்ல இயலாதவராயின் அவருடைய பொறுப்பாளர் நியாயமாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் கருத்துகளில் ஒரு பகுதி. அது கடனுக்குச் சொன்னது, ரசீதுக்குச் சொன்னதன்று. ஆனால் அதிலுள்ள நீதி எல்லா ஒப்பந்தத்துக்கும் வெளிச்சம் தருகிறது. பொறுப்பைச் சுமக்கப் போகிறவர் வாயிலிருந்தே வாசகம் வந்தால், தாம் எதைச் சுமக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். செயலியிலோ வாசகம் முழுவதையும் நிறுவனம் சொல்கிறது, பல பக்கம் சொல்கிறது. நமக்கு விடப்பட்டது 'சம்மதம்' என்னும் பொத்தான் ஒன்றே.

நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தது. செய்தியைச் சேகரிப்பவர் அதற்கான அறிவிப்பைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும் என்று அது விதிக்கிறது. தமிழில் தர வேண்டுமென்று விதி இல்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்ட ராதிம்மாவின் கைப்பேசியில் யார் பொத்தானை அழுத்துகிறார்கள்? பேரப்பிள்ளைதான். அந்த நிமிஷத்தில் அந்தப் பிள்ளை, அவ்வசனம் சொல்லும் பொறுப்பாளரின் இடத்தில் நிற்கிறான். ராதிம்மாவுக்காக நியாயமாகப் பேச வேண்டியவன், படிக்காமல் அழுத்திவிட்டு, அறிமுகப்படுத்தியதற்கான புள்ளியையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வானானால், அதை நாம் சாமர்த்தியம் என்று மெச்சலாமா?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை உண்டு. தோட்டத்தை விட்டு வெளியேறி மலிவு வீடுகளில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு மாதம் பத்து ரிங்கிட் என்பது சிறு தொகையன்று. உறுப்பினருக்கு ஒரு விலையும் மற்றவருக்கு ஒரு விலையுமாகப் பேரங்காடி விற்கும்போது, அட்டையை நீட்டாமலிருப்பது வசதியுள்ளவர்களால் மட்டுமே முடியும். அந்தரங்கம் பேணுக என்று நிறைந்த வயிற்றுடன் உபதேசிப்பது எளிது. இதை நாம் முழுமனத்துடன் ஒப்புக்கொள்கிறோம். ஆகையால் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்து, கூடாது என்று சொல்ல நாம் முன்வரவில்லை.

கடைக்காரர் தாம் விற்ற பொருளைத் தாமே அறிந்திருப்பது புதிதன்று. அந்தக் கடையின் அட்டையைக் காட்டி இரண்டு ரிங்கிட் குறைத்து வாங்குகிற தாயைக் குறை சொல்ல இடமில்லை. எல்லாக் கடை ரசீதையும், மருந்துக்கடை ரசீதையும், மின்பணப்பைக் கணக்கையும் மூன்றாம் ஆளுக்குத் தொகுத்துக் கொடுத்துக் கூலி பெறுவது வேறு காரியம். முன்னதில் குடும்பம் தான் வாங்கும் இடத்தில் பேரம் பேசுகிறது. பின்னதில் குடும்பமே பேரப் பொருளாகிறது.

ஆகவே நமது முடிவு இது. தனக்கென வாங்கிய பொருளின் ரசீதைத் தெரிந்து ஒருவர் அனுப்பினால் அது அவர் விருப்பம். வீட்டுக்காக வாங்கியதை அனுப்ப விரும்பினால், வீட்டாரைக் கேட்க வேண்டும். எதைக் கொடுக்கிறோம், யாருக்குப் போகிறது, என்ன கிடைக்கிறது என்பதை அவரவர்க்குப் புரியும் தமிழில் எடுத்துச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றால் அவருடைய பொருள் உள்ள ரசீதை அனுப்பலாகாது. மருந்தும் பிறர் அந்தரங்கமும் அடங்கிய கணக்கை எந்தப் புள்ளிக்கும் கொடுக்கலாகாது. கிடைத்த வரவு வீட்டுக் கணக்கால் வந்ததென்றால் அது வீட்டுச் செலவுக்கே போக வேண்டும். முன்னமே கொடுத்துவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. தம்மைப் பற்றி வைத்திருக்கும் செய்தியைக் காட்டும்படி கேட்கவும், கொடுத்த சம்மதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறவும், விளம்பரம் அனுப்புவதை நிறுத்தச் சொல்லவும் மேற்படி சட்டம் உரிமை தருகிறது. 2024இல் செய்த திருத்தத்தின்படி, செய்தி கசிந்தால் நிறுவனம் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும் என்னும் விதி 2025 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

நம் சமூகத்தில் கடை நடத்துகிறவர்கள் அநேகர். அவர்களும் இன்று வாடிக்கையாளரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் வாங்கி வைக்கிறார்கள். ஒரு நண்பர் கேட்டார் என்று அந்த எண்களை அவருடைய வியாபாரத்துக்குத் தூக்கிக் கொடுப்பது, சில்லறையைக் குறைத்துக் கொடுப்பதைப் போன்றதே. முந்திய தலைமுறையில் நேர்மையாக இருந்த கடைக்காரர்கள் லயத்து வீடுகளின் இரகசியங்களைக் காத்து நற்பெயர் பெற்றார்கள். அந்த நற்பெயரை மூலதனமாகக் கொண்டு எழுந்த கடைகள் நம்மிடையே இன்னும் உள்ளன.

இளைஞர்களை நாம் தடுக்கவில்லை. அடுத்த முறை ரசீதைப் படம் பிடிக்குமுன், அதை உம்மாவிடம் ஒரு முறை காட்டி, இதை அனுப்பட்டுமா என்று கேளுங்கள். அவர் சரி என்றால் அனுப்புங்கள். வேண்டாம் என்றால், அந்தப் புள்ளி உங்களுடையதன்று என்று விட்டுவிடுங்கள்.